பாளையங்கோட்டையில் பிள்ளையைச் சேர்க்க வீட்டுத் தூரம் முக்கியமா, தேர்வு மதிப்பெண்ணா?

எல்.கே.ஜி. என்றால் தூரம்தான். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்கள் நலிந்த பிரிவினருக்கு. வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் கூடினால் குலுக்கல். தேர்வே கிடையாது.

இதற்காகப் பள்ளிக்குப் பக்கத்தில் கூடுதல் வாடகைக்கு வீடு பிடிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்துவிட்டது. பாளையங்கோட்டையின் பழைய, பெயர்பெற்ற பள்ளிகள் பல கிறிஸ்தவ நிறுவனங்கள். அங்கே மதில் சுவரை ஒட்டிக் குடியிருந்தாலும் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. முன்பணம் கொடுக்குமுன் பள்ளியில் விசாரித்துவிடுங்கள். கடன் வாங்கி வீடு மாறும் குடும்பங்களை நினைத்தால் மனசு பதறுகிறது.

ஆறாம் வகுப்புக்கு, திருப்பூர் மாவட்டத்தில் உள்ள அமராவதிநகர் சைனிக் பள்ளி (ராணுவப் பணிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் உறைவிடப் பள்ளி) என்றால் நுழைவுத் தேர்வு உண்டு. வீடு களக்காடோ வள்ளியூரோ, தூரம் பார்ப்பதில்லை. ஆனால் 67 சதவீத இடங்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கே.