நூல் சிக்கிய விரலும் காணாமல்போன மணிநாக்கும்

வணக்கம். உங்கள் சாம்பல் கிளியின் விரலில் கயிற்றுப் பொம்மையின் நூல் சுற்றிக்கொண்டதையும், கூண்டு மணியின் நாக்கைக் காணவில்லை என்பதையும் எழுதி, எந்தப் பொம்மைகளை வைத்திருக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். பொம்மைகளைப் பிறகு பார்க்கலாம். முதலில் கவனிக்க வேண்டியது மணியின் நாக்குதான். மலிவான மணிகளில் ஈயமோ துத்தநாகமோ இருக்கக்கூடும் என்பதாலும், விழுங்கிய உலோகம் இரைப்பையில் தங்கிச் சிறிது சிறிதாக இரத்தத்தில் கலக்கும் என்பதாலும், கூண்டின் அடித்தட்டில் அது அகப்படாவிட்டால் கிளி சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும் இன்றே பறவை மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். சோர்வு, வாந்தி, கால் தளர்ச்சி, எச்சத்தில் நிறமாற்றம் ஆகியவை தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். பறவைகள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரர்கள்.

நூல் சுற்றிய விரல் வீங்கியோ கருத்தோ இருந்தால் அதையும் அப்போதே காட்டுங்கள். மெல்லிய இழை தோலுக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் போவதுண்டு.

பிரிந்த கயிற்றை வெட்டிச் சீராக்கித் தொங்கவிடலாம் என்று பலர் சொல்வார்கள். கடித்து விழுங்கிய இழைகள் தீனிப்பையில் திரண்டு அடைத்துக்கொள்ளும் என்பதால், அதை எறிந்துவிடுவதே என் கருத்து. அதற்குப் பதிலாக, இரசாயனம் ஏற்றாத, சாயமும் வார்னிஷும் படாத பைன் மரத்துண்டுகளைக் கொடுங்கள். தொங்கவிடும்போது நாய்ச்சங்கிலியில் இருப்பதுபோன்ற சுருள்வில் கொக்கியைத் தவிருங்கள், அதில் அலகு மாட்டிக்கொள்ளும். திருகி மூடும் துருப்பிடிக்காத எஃகு வளையமே நல்லது. வளையப் பொம்மையானால், தலை நுழைந்து தோள் நுழையாத அளவுதான் மிகவும் ஆபத்தானது.