ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்: வீட்டிலேயே மாற்றுபவர்களுக்குக் கேள்வி பதில்

கேள்வி: சார், ஹோண்டா சிட்டி சி.வி.டி (பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) வைத்திருக்கிறேன். இன்ஜின் ஆயிலை நானேதான் மாற்றுகிறேன். கியர் ஆயிலிலும் கை வைக்கலாமா? (திருச்சி)

பதில்: வைக்கலாம். ஆனால் ஆயில் ஊற்றும் போல்ட் கழன்று கையில் வந்த பிறகுதான் வடிக்கும் போல்டைத் தொட வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வடிப்பதை முதலில் திறந்துவிட்டேன். ஆயில் முழுக்க டப்பில் இறங்கிவிட்டது. ஊற்றும் போல்டோ துருப்பிடித்து அசையவே இல்லை. ஸ்பானரைப் போட்டு அழுத்தியதில் தலையும் மழுங்கிவிட்டது. கடைகள் எல்லாம் பூட்டு. வண்டியை மறுநாள் கட்டி இழுத்துக்கொண்டு போனோம், கூலியும் என் கைக்காசு.

ஹோண்டாவில் வடிக்கும் போல்டின் நடுவே சதுரக் குழி இருக்கும். 3/8 இன்ச் ராட்செட் முனை நேராக அதில் உட்காரும், சாக்கெட் தேவையில்லை. வாஷர் புதிதாகப் போடுங்கள். இறுக்கம் 49 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக்கு எச்.சி.எஃப்-2 ஆயில்தான், "எல்லா வண்டிக்கும் சேரும்" என்று எழுதிய டப்பா வேண்டாம். வண்டி சமதளத்தில், நான்கு பக்கமும் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, எர்டிகா நாலு கியர் ஆட்டோமேட்டிக். வடித்தால் பாதிகூட வரவில்லையே, மீதி எங்கே? (சேலம்)

பதில்: இன்ஜினையும் கியர் பாக்ஸையும் ஆயில் மூலம் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும், ஆயிலைக் குளிரவைக்கும் கூலர் குழாயிலும் நிற்கிறது. ஒரு தடவைக்கு 40 சதவீதம் புதிதாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ஓட்டிவிட்டு இரண்டாவது தடவை மாற்றினால் 64, மூன்றாவது தடவையில் 78 சதவீதம். அதற்கு மேல் போவது காசுக்குக் கேடு. ஒவ்வொரு தடவையும் வந்ததை அளந்து அதே அளவு ஊற்றுங்கள். ஏற்கெனவே லெவல் குறைந்திருந்தால் அதையும் ஈடு செய்ய வேண்டும், அதனால் கடைசியில் லெவல் பார்க்காமல் விடாதீர்கள். கூடிப்போனாலும் ஆபத்துதான், ஆயில் நுரைத்துப் பிரஷர் விழும்.

கேள்வி: ஸ்விஃப்ட் ஏ.எம்.டி-க்கு எந்த ஏ.டி.எஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்)? (ஈரோடு)

பதில்: எதுவும் இல்லை. அது சாதா மேனுவல் கியர் பாக்ஸ், கிளட்ச்சையும் கியரையும் உங்களுக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற ஒரு கருவி போடுகிறது, அவ்வளவுதான். மேனுவலுக்கு உரிய கியர் ஆயில் போதும்.

கேள்வி: அண்ணை, என்ர வாகனம் டொயோட்டா ஆக்சியோ ஹைபிரிட். சி.வி.டி எண்டபடியால் சி.வி.டி ஒயில்தான் விடவேணும் எண்டு கடைக்காரர் சொல்லுறார். சரியோ? (யாழ்ப்பாணம்)

பதில்: சரியில்லை தம்பி. பெயர்தான் குழப்புகிறது. ஹைபிரிட்டில் பெல்ட்டே கிடையாது, பல்சக்கரங்களும் மோட்டார்களும்தான். அதற்கு டொயோட்டா டபிள்யூ.எஸ் ஒயில். பெல்ட் உள்ள சாதாரண ஆக்சியோவுக்குத்தான் சி.வி.டி ஒயில். வாங்கிவிட்டீர்கள் என்றால் மூடியைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 1,40,000 கி.மீ ஓடிய வண்டி, ஆயில் மாற்றியதே இல்லை. இப்போது மாற்றினால் கியர் பாக்ஸ் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். (கோவை)

பதில்: அப்படிப் போன வண்டிகளில் நான் பார்த்த பல, ஏற்கெனவே கியர் பிடிக்காமல் வழுக்க ஆரம்பித்த பிறகு ஷெட்டுக்கு வந்தவை. கிளட்ச் பிளேட் தேய்ந்து முடிந்த இடத்தில் புது ஆயில் என்ன செய்யும்? பழி மட்டும் அதன் தலையில். உங்கள் வண்டி வழுக்காமல் ஓடுகிறதா? அப்படியென்றால் மாற்றுங்கள், மெஷின் வைத்துப் பழைய ஆயிலைத் தள்ளி வெளியேற்றும் ஃபிளஷ் மட்டும் வேண்டாம்.

முதலில் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். பழுப்பு நிறம் வயசுக் கோளாறு. கருகிய வாடை அடித்தால் கவலைப்பட வேண்டும். ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்திருக்கிறது, வண்டியை ஸ்டார்ட்கூடப் பண்ணாதீர்கள். அப்புறம், இரும்புத் தூளைப் பிடிக்க வடிக்கும் போல்டிலோ கியர் பாக்ஸின் அடித்தட்டிலோ இருக்கும் காந்தம். அதில் படிந்த சாம்பல் நிறப் பசையை விரலில் தேய்த்தால் மை மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும், அது இயல்பான தேய்மானம். மினுங்கும் துகளோ சில்லோ விரலில் குத்தினால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

"லைஃப்டைம் ஆயில்" என்ற பேச்சையும் நம்பாதீர்கள். பி.எம்.டபிள்யூவுக்கு கியர் பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீக்குள், அல்லது 8 வருஷத்தில் மாற்றச் சொல்கிறது.

கேள்வி: இன்னோவா கிரிஸ்டாவில் டிப்ஸ்டிக்கைக் காணோம். லெவல் எப்படிப் பார்ப்பது? (சென்னை)

பதில்: கிடையாது, தேடாதீர்கள். கீழே செக் பிளக் இருக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போது திறந்தால் மெல்லிய தாரையாக வழிந்து சொட்டாகக் குறைய வேண்டும். சூடு ஏறினால் ஆயில் விரிந்து பொய்க் கணக்கு காட்டும். மே மாதம் சென்னையில் மதியம் நிற்கும் வண்டி இன்ஜின் போடும் முன்பே அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். அதனால் விடியற்காலையில் செய்யுங்கள், ஸ்கேனரில் டிகிரியைப் பார்த்துக்கொண்டே.

கேள்வி: பழைய ஆயிலை என்ன செய்வது? (மதுரை)

பதில்: சாக்கடையில் ஊற்றாதீர்கள். பக்கத்து ஷெட்டில் பழைய ஆயில் டிரம் இருக்கும், அவர்களே வாங்கிக்கொள்வார்கள். ஆனால் வண்டி ஒரு வாரம் ஓடும்வரை பாட்டிலிலேயே வைத்திருங்கள். லெவலில் சந்தேகம் வந்தால், எவ்வளவு வடித்தோம் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.