டொட்ஜ் கிங்ஸ்வே: கஸ்கெற் வாங்கும் முன் ஹெட்டை அளந்து பாருங்கள்

கேள்வி: சுன்னாகத்தில் எங்கள் வீட்டில் அப்பப்பாவின் 1951 டொட்ஜ் கிங்ஸ்வே நிற்கிறது. எஞ்சின் பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் ஹெட் கஸ்கெற் இரண்டு தரம் எரிந்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து எடுப்பித்த புதுக் கஸ்கெற்றும் பொருந்தவில்லை. கராஜில் ஜப்பான் டீசல் எஞ்சினை மாற்றிப் போடச் சொல்கிறார்கள். போடலாமா? சாமான் எங்கே தேடுவது?

பதில்: தயவுசெய்து மாற்ற வேண்டாம், தம்பி. இந்தப் பக்கவால்வு ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கிறைஸ்லர் நிறுவனம் 1930களிலிருந்து பல வருடங்கள் கார்களுக்கும் லொறிகளுக்கும் போட்டது. அதனால் வட அமெரிக்காவில் இன்றும் சாமான் விற்கிறார்கள். கிங்ஸ்வே என்ற பெயரில் தேடினால்தான் கஷ்டம். முகப்பும் பெயரும் டொட்ஜ், மற்றதெல்லாம் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் இன்னொரு காரான பிளிமத். அதே வருடத்துப் பிளிமத்துக்கு என்று கேட்டுப் பாருங்கள்.

கஸ்கெற் பொருந்தாததற்கு வேறு காரணம் இருக்கலாம். பொதுநலவாய நாடுகளுக்கு வந்த வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் பல கனடாவின் வின்ட்சரில் செய்தவை. அமெரிக்கப் பிளிமத்தின் சிலிண்டர் ஹெட் சுமார் 23 அங்குல நீளம். கனடா எஞ்சினில் அது சுமார் 25 அங்குலம். இரண்டுக்கும் கொள்ளளவு ஏறக்குறைய 218 கன அங்குலம்தான் என்பதால் பட்டியலைப் பார்த்து வாங்குபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அளவுநாடாவை எடுத்து ஹெட்டை அளந்து பாருங்கள். பிளாக்கின் இடப்பக்க முன்மூலையில், டைனமோவுக்கு மேலே, எஞ்சின் இலக்கம் அடித்திருக்கும். அதையும் குறித்து, பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். 25 என்று வந்தால் தேட வேண்டிய நாடு கனடா. ரொறன்ரோவில் சொந்தக்காரர் இல்லாத யாழ்ப்பாண வீடு குறைவு. ஊருக்கு வருபவர் பெட்டியின் அடியில் கஸ்கெற்றை மட்டமாக வைத்துக் கொண்டுவரட்டும். செப்புக் கஸ்கெற் மடிந்தால் உதவாது.

ஆனால் அது வந்தவுடன் பூட்டிவிடாதீர்கள். இரண்டு தரம் எரிந்திருக்கிறது என்றால் நான் முதலில் சந்தேகிப்பது தண்ணீர்க் குழாயை. இந்த எஞ்சினில் வாட்டர் பம்புக்குப் பின்னால், பிளாக்கின் உள்ளே நீளமாக ஒரு தகட்டுக் குழாய் ஓடுகிறது. பின் சிலிண்டர்கள் வரை குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுபோவது அதுதான். அது உக்கிவிட்டால் முன்பக்கம் குளிர்ந்திருக்கும், ஐந்தாம் ஆறாம் சிலிண்டர்கள் கொதிக்கும், சூட்டுமானியிலும் சரியாகத் தெரியாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. கேத்தலில் படியும் அதே வெள்ளைப் படிவு எஞ்சினுக்குள்ளும் கட்டி, குழாயை இறுக்கிப் பிடித்துவிடுகிறது. ரேடியேற்றரையும் பம்பையும் கழற்றி, கொக்கி போட்டு முன்பக்கமாக மெதுவாக இழுக்க வேண்டும். முழுதாக வந்தால் அதையே மாதிரியாக வைத்துப் பித்தளைத் தகட்டில் செய்விக்கலாம். துளைகள் மட்டும் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். ஹெட்டையும் மட்டம் பார்த்து, வளைந்திருந்தால் சீவிப் போடுங்கள். ஓடிச் சூடேறிய பிறகு ஹெட் போல்ட்டுகளை இன்னொரு தரம் முறுக்குங்கள். இனி ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். வடித்த நீரும் கூலன்டும் போதும்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக்காலத்தில் இந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியதா என்று வீட்டில் விசாரியுங்கள். ஓடியிருந்தால் வால்வுகளில் கரி பிடித்திருக்கும், மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து பேரிங்கையும் தேய்த்திருக்கும். வால்வுகளை ஹெட் கழற்றியிருக்கும்போதே பார்த்துவிடலாம்.

மற்றவை அவ்வளவு தலையிடி இல்லை. சில்லுப் பேரிங்கில் அடித்திருக்கும் இலக்கத்தைக் கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் காட்டிக் கேளுங்கள். பிறேக் சிலிண்டரை லேத் பட்டறையில் சிலீவ் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ரப்பர் கப் புதிதாகவே இருக்கட்டும், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பற்றரி 6 வோல்ட், பொசிட்டிவ் முனைதான் காரின் இரும்பு உடலில் சேரும். 12 வோல்ட் காரின் மெல்லிய கேபிள் போட்டிருந்தால் ஸ்டார்ட்டர் சோம்பலாகத்தான் சுற்றும். தடித்த கேபிள் போடுங்கள்.

ரயர் கடைக்குப் போனால் பக்கத்திலேயே நில்லுங்கள். இடப்பக்கச் சில்லுகளின் போல்ட்டுகளுக்கு இடஞ்சுழி மரை. வலப்பக்கமாகச் சுற்றினால்தான் கழலும். தெரியாத பையன் மெஷினை வைத்து எதிர்ப்பக்கம் அழுத்தினால் போல்ட் முறிந்துவிடும்.