சுங்கை சிப்புட்டில் எத்தனை சதுர அங்குல அடுப்பு?

தங்கச்சி, கும்பகோணத்திலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட் வந்து மூன்று மாதம் ஆகிறது, வீட்டில் நீங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுக்காரர் பெல்லட் கிரில், அதாவது அழுத்திய மரத்தூள் துண்டுகளை எரித்துக் கறி சுடும் மின்சார அடுப்பு, வாங்கத் துடிக்கிறார், கடைக்காரர் இருப்பதிலேயே பெரியதைத் தலையில் கட்டப் பார்க்கிறார், எந்த அளவு எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 19 வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் இப்போது இருப்பது இரண்டாவது கிரில். முதலாவதின் கதையைச் சொன்னாலே பாதிப் பதில் வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் அதை வாங்கியது தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பை மனதில் வைத்து. நீங்கள் இன்னும் பார்க்கவில்லை, பார்ப்பீர்கள்: அன்று வாசல் கேட்டைச் சாத்தவே முடியாது. மலாய்க்காரர், சீனர், பழைய தோட்டத்து ஆட்கள் என்று இரவு வரை வந்துகொண்டே இருப்பார்கள். 100 பேருக்குச் சுடலாம் என்று சுடும் தட்டின் பரப்பு 800 சதுர அங்குலத்துக்கு மேல் உள்ள ஒன்றை ஈப்போவிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் தெரியுமா? மாமியார் விறகடுப்பில் வைத்த ஆட்டுக்கறிப் பிரட்டலும் இட்டிலியும். கிரில்லில் சுட்ட கோழியைப் பிள்ளைகள் மட்டும் தொட்டார்கள். வருஷத்தின் மீதி வாரங்களெல்லாம் ஆறு கோழித்தொடைக்காக அந்தப் பெரிய பெட்டியைச் சூடேற்றிக்கொண்டிருந்தோம். கடைசியில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் மச்சாண்டாருக்குக் கொடுத்துவிட்டோம்.

அதனால் தீபாவளிக் கூட்டத்தை மறந்துவிட்டு, ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு உங்கள் வீட்டில் எவ்வளவு கறி எடுப்பீர்கள் என்று பாருங்கள்.

அப்புறம், பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். மேலே இருக்கும் சின்னத் தட்டையும் சேர்த்துத்தான் சதுர அங்குலம் சொல்வார்கள். டிரேகர் கம்பெனியின் புரோ 575 மாடல் என்றால் கீழ்த்தட்டு 418 சதுர அங்குலம்தான், மீதி மேல்தட்டு. கீழ்த்தட்டின் நீள அகலம் ஏறக்குறைய 56க்கு 48 சென்டிமீட்டர். பழைய நாளிதழை அந்த அளவுக்கு வெட்டித் தரையில் விரித்து, பாசாரில் வாங்கிய கோழியை அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வைத்துப் பாருங்கள். முதுகெலும்பை எடுத்துப் பிளந்து விரித்த கோழி ஒன்று ஏறக்குறைய 25க்கு 30 சென்டிமீட்டர் இடம் பிடிக்கும். சூடான காற்று சுற்றிவர இடைவெளி வேண்டும் என்பதால் அப்படி இரண்டு வைக்கலாம், ஓரத்தில் கத்தரிக்காயோ சோளமோ செருகலாம். தொடையோடு சேர்ந்த கால் துண்டென்றால் பத்து வரை கொள்ளும். ஐந்து பேருக்கு இது தாராளம். மொத்தம் 500லிருந்து 600 என்று போட்டிருப்பதை எடுங்கள். 300க்குக் கீழே உள்ளவை கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கு; ஒரு கோழியோடு முடிந்துவிடும், மாமியார் மீனும் கேட்டால் இரண்டாம் முறை ஏற்ற வேண்டும்.

இணையத்தில் இருக்கும் அமெரிக்க அளவுக் கணக்குகள் மாட்டு நெஞ்சுக்கறியையும் பன்றித் தோள்கறியையும் முழுசாக வைத்துப் போட்டவை. நம் வீட்டுக்கு அவை பொருந்தாது. மலாய்க்காரப் பக்கத்து வீட்டாரை அழைப்பீர்கள் என்றால் அந்தத் தட்டில் பன்றி ஏறாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

பெரிய கிரில் பெல்லட்டையும் தின்னும். எங்கள் இரண்டாவது கிரில்லுக்கு, மெல்லப் புகை போடும் சூட்டில் மணிக்கு அரைக் கிலோ போலப் போகும். சூட்டை ஏற்றினால் ஒரு கிலோவையும் தாண்டும். முதலாவது இதைவிட அதிகம் தின்றது.

ஆனால் இந்த ஊரில் அளவைவிட என்னை அதிகம் படுத்தியது ஈரம். மாலையானால் மழை. பெல்லட் என்பது அழுத்தி உருட்டிய மரத்தூள்தானே, ஈரக்காற்று பட்டாலே ஊதி உதிர்ந்துவிடும். ஒரு பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினோம். தொட்டியில் விட்டுப்போன பெல்லட் மாவாகி, அதைத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளும் திருகுத்தண்டு இறுகிக் கிடந்தது. வீட்டுக்காரர் அரை நாள் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் சுட்டு முடித்ததும் தொட்டியைக் காலி செய்து, அரிசி டிரம் மாதிரி இறுக்கமான மூடி உள்ளதில் கொட்டிவைக்கிறோம். ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள், சடக்கென்று முறிந்தால் நல்லது. கீழே திறப்புள்ள தொட்டி உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

மலிவாகக் கிடைக்கிறது என்று கொதிகலனுக்குப் போடும் பெல்லட்டை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அது எந்த மரம் என்று தெரியாது. இங்கே நாற்காலி மேசை செய்யும் பால்மரப் (ரப்பர் மரப்) பலகையில் பூச்சியும் பூஞ்சணமும் வராமலிருக்கப் போரான் மருந்து ஏற்றுவார்கள். அந்தத் தூளின் புகையில் பிள்ளைக்குக் கோழி சுட எனக்கு மனசு வராது. சமையலுக்கு என்றே போட்டிருக்கும் பையை மட்டும் எடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஒன்று அனுப்புகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பற்றவைக்கும் கம்பி, விசிறி, திருகுத்தண்டு எல்லாமே மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. கார் நிறுத்தும் போர்ச்சில் மழைச்சாரல் படாத இடத்தில், சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள். பின்கட்டுச் சமையலறைக்குள் வேண்டவே வேண்டாம். நெருப்பு ஆபத்து ஒரு பக்கம், புகையும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவும் உள்ளே அடையும்.

இன்னொன்று. உங்கள் வீட்டுக்காரர் தந்தூரிக் கோழியையோ சாத்தேயையோ (குச்சியில் குத்திச் சுடும் மலாய்க் கறி) நினைத்துக்கொண்டு ஆசைப்படுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான பெல்லட் கிரில்களின் சூடு 230, 260 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடும். கோழி பஞ்சு மாதிரி வேகும், புகை வாசம் இறங்கும், தந்தூரின் கருகல் மட்டும் வராது. சாத்தேக்கு நாங்கள் இன்றும் கரிதான். தைப்பிங் தாண்டிக் கோலா செபெத்தாங்கில் மாத்தாங் சதுப்புக்காட்டு மரத்தைச் சூளையில் வைத்துக் கரியாக்குகிறார்கள். அந்தப் பக்கம் போனால் ஒரு மூட்டை வாங்கிவந்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு சின்னத் தகரக் கரியடுப்பு போதும், தீபாவளிக் கூட்டத்துக்கும் அதுதான் கைகொடுக்கும்.