சிபிடி க்ரீம் ஊதாவாக மாறுவது ஏன்?

கேள்வி: லண்டனில் சிபிடி (கஞ்சாச் செடியிலிருந்து கிடைக்கும், போதை தராத வேதிப்பொருள்) கலந்த முகக் க்ரீம் விற்கத் தயாராகிறேன். மாதிரிகள் ஊதாவாக மாறிவிடுகின்றன. விற்பனைக்கு முன் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: காற்றும் வெளிச்சமும் பட்டு சிபிடி ஆக்சிஜனேற்றம் அடைகிறது, காரத்தன்மை இருந்தால் இன்னும் வேகமாக. க்ரீமின் பிஎச் (அமில-கார) அளவை 5 முதல் 5.5-க்குள் வையுங்கள். சிபிடி தண்ணீரில் கரையாது. 100 கிராம் க்ரீமுக்கு 1 கிராம் சிபிடி பொடியை 10 கிராம் எம்சிடி எண்ணெயில் (பெரும்பாலும் தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் லேசான எண்ணெய்) இளஞ்சூட்டில் முழுதாகக் கரைத்து, 0.5 கிராம் வைட்டமின் ஈ சேருங்கள். க்ரீம் 40 டிகிரிக்குக் கீழ் ஆறிய பிறகே இதைக் கலக்க வேண்டும். ஜாடி வேண்டவே வேண்டாம். காற்றுப் புகாத, ஒளி ஊடுருவாத பம்ப் பாட்டில்தான் சரி.

ஒரு டப்பாவில் டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருள்) 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வகச் சான்று கேளுங்கள். தகுதிபெற்ற நிபுணரின் பாதுகாப்பு மதிப்பீடும் அரசின் இணையப் பதிவும் கட்டாயம். லேபிளில் 'மூட்டுவலி தீரும்' என்று போட்டால் அது மருந்தாகிவிடும், உரிமம் இல்லாமல் விற்க முடியாது.