டஸ்ட் என்றால் துடைப்பதா, தூவுவதா?

கேள்வி: வீட்டுக் குறிப்புகள் சிலவற்றை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கிறேன். ஓரிடத்தில் ‘டஸ்ட் த ஷெல்ஃப்’ என்று வருகிறது, இன்னோரிடத்தில் ‘டஸ்ட் த கேக் வித் ஷுகர்’ என்று வருகிறது. ஒன்றில் தூசியை எடுக்கிறார்கள், மற்றதில் தூளைப் போடுகிறார்கள். எப்படிப் பிரித்தறிவது? அப்புறம், டஸ்ட்டும் நம் தூசும் ஒரே சொல்தானா?

பதில்: குழப்பம் நியாயமானதுதான். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லை அப்படியே வினையாக்கிவிடுவார்கள். அந்தப் பொருளைச் சேர்க்கிறோமா, நீக்குகிறோமா என்பதைச் சொல் காட்டிக்கொடுக்காது. ‘சால்ட்’ வினையானால் உப்பிடுவது. ‘ஸ்கின்’ வினையானால் தோலை உரிப்பது. டஸ்ட் இரண்டு பக்கமும் போகும். ‘சீட்’ என்பதும் இதே ரகம்: நிலத்தைச் சொன்னால் விதைப்பது, பழத்தைச் சொன்னால் விதையை எடுப்பது.

‘வித்’ வருகிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். மாவோ சர்க்கரையோ வந்தால் தூவுவது. துணியோ பிரஷோ வந்தால் துடைப்பது. ‘டஸ்ட் ஆஃப்’ என்றால் நீக்குவதுதான், சந்தேகமே வேண்டாம். கிடப்பில் போட்ட திட்டத்தை மறுபடி கையில் எடுப்பதற்கும் அதையே சொல்வார்கள். நாமும் ‘தூசி தட்டி எடுத்தார்கள்’ என்கிறோமே, அதேதான். ‘வித்’ இல்லாமலே தூவுகிற இடமும் உண்டு: கைரேகை தேடும் போலீசார் ‘டஸ்ட் ஃபார் ஃபிங்கர்பிரின்ட்ஸ்’ என்றால், ரேகை தெரியப் பொடி தூவுகிறார்கள்.

பெயர்ச்சொல்லாக வரும்போது பொதுவாக இதை எண்ண முடியாது. ‘கண்ணில் ஒரு தூசி விழுந்துவிட்டது’ என்பதை அப்படியே ‘எ டஸ்ட்’ என்று பெயர்த்துவிடுகிறோம். அது தவறு. ‘எ ஸ்பெக் ஆஃப் டஸ்ட்’ என்க வேண்டும்.

டஸ்ட்பின்னில் தூசியைத் தேடாதீர்கள். பழைய பிரிட்டிஷ் வழக்கில் டஸ்ட் என்றால் அடுப்புச் சாம்பலும் வீட்டுக் குப்பையும்கூட. அதை அள்ளிப்போக வந்தவர் டஸ்ட்மேன்.

இனி தூசு. காதுக்கு ஒன்றாகத்தான் இருக்கிறது. பழைய ஆங்கிலத்திலோ அது ‘டூஸ்ட்’ என்று நெடிலாக ஒலித்தது, இன்னும் நெருக்கம். ஆனால் அந்த நெடில்தான் குட்டை உடைக்கிறது. ஆங்கிலத்தின் மூதாதை மொழியில் ‘ஸ்’ ஒலிக்கு முன்னால் இருந்த ‘ன்’ உதிர்ந்தபோது, முந்தைய உயிர் நீண்டது. வாத்து இனப் பறவையை ஜெர்மானியர் ‘கான்ஸ்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் அது ‘கூஸ்’. அதே கணக்கில், டஸ்ட்டின் ஜெர்மன் உறவு ‘துன்ஸ்ட்’. பொருள் ஆவி, மூடுபனி. ஆக, தூசை நினைவூட்டும் அந்த ஒலி ‘ன்’ உதிர்ந்த பிறகு வந்தது. ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது.

உறவு வேறு பக்கம் இருக்கிறது. டஸ்ட்டின் வேர், புகை, ஆவி போலக் காற்றில் எழுவதைக் குறித்த பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் என்பது சொல்லாய்வாளர்கள் பலரின் கருத்து. புகையைக் குறிக்கும் லத்தீன் ‘ஃபூமுஸ்’, சமஸ்கிருத ‘தூம’ இரண்டும் அந்த வேரில் பிறந்தவை. அந்தச் சமஸ்கிருதச் சொல்தான் தமிழில் தூமம் என்று வழங்குகிறது.