லஸ்கர் தாத்தா – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

சென்ற மாதம் எங்கள் தாத்தா காலமானார். ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகத்தின்படி வயது 101. அப்பாயி கணக்கில் 99. பதினாறு வயதில் பதினெட்டு என்று பொய் சொல்லி 1942இல் சேர்ந்தாராம். மெட்ராஸ் சாப்பர்ஸ். பர்மாவுக்குப் போய்விட்டு 1946இல் திரும்பினார். அப்புறம் பொதுப்பணித் துறையில் லஸ்கர் வேலை. முப்பது வருடத்துக்கு மேல் மதகு திறந்து மூடி, ஐந்து பிள்ளைகளைக் கரையேற்றினார்.

போரைப் பற்றி அவர் பேசியதே இல்லை. ‘கலேவா’, ‘சிந்த்வின்’ என்று இரண்டு பெயர்கள் மட்டும் எப்போதாவது வாயில் வரும். 1945இல் லீவில் பெண் பார்க்க வந்தபோது உடம்பெல்லாம் மஞ்சளாக இருந்ததாம். மாப்பிள்ளைக்குக் காமாலை என்று பேச்சு கிளம்பி, கல்யாணம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனதை அப்பாயி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இன்னொன்று, வீட்டில் பீரோவோ கட்டிலோ தூக்கினால் தாத்தா எங்கிருந்தாலும் வந்து நின்றுகொள்வார். “சொல்லாம எவனும் கைய எடுக்கக் கூடாது” என்பார். எண்ணித்தான் தூக்கவேண்டும், எண்ணித்தான் இறக்கவேண்டும். எங்களுக்கு அது கேலிப்பொருள்.

நினைவு மலர் ஒன்று போடுகிறோம். எழுதும் பொறுப்பு என்னுடையது. ‘ஜப்பானியரை நேருக்கு நேர் எதிர்த்த மாவீரர்’ என்று போடச் சொல்கிறார் அத்தை மகன். அதற்கு ஆதாரம் எதுவும் எங்களிடம் இல்லை. பாலம் போட்டார், மதகு திறந்தார் என்று எழுதினால் சிறியதாகத் தெரியுமோ என்று தயக்கம். இத்தனை நீண்ட வாழ்க்கையில் அந்த நான்கு வருடத்துக்கு எவ்வளவு இடம் கொடுப்பது?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

அத்தை மகனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் ஆசை புரிகிறது. ஆனால் நீங்களே எழுதியிருக்கும் கடிதத்தில் அதைவிட நல்ல விஷயங்கள் இருக்கின்றன. அவை என்னவென்று உங்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

பீரோவில் தொடங்குகிறேன். சாப்பர் என்றால் படைக்கு வழி செய்கிறவன். பாலம், சாலை, கண்ணிவெடி அகற்றுவது எல்லாம் அவன் தலையில். பர்மா முனையில் அவர்கள் அதிகம் கையாண்டது பெய்லி பாலம். அதன் அடிப்படை உறுப்பு ‘பேனல்’ எனப்படும் இரும்புச் சட்டம். பத்து அடி நீளம், ஏறக்குறைய 260 கிலோ. கிரேன் தேவையில்லை, ஆறு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம் என்பதுதான் அந்த வடிவமைப்பின் சாமர்த்தியம். ஆறு பேரில் ஒருவன் சொல்லாமல் கையை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்தவன் கால் போகும், இல்லை முதுகு போகும். உங்கள் தாத்தா வாழ்நாள் முழுக்கப் பீரோவுக்குப் பக்கத்தில் நின்று கொண்டிருந்தது அதனால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பந்தயம் கட்டுவேன்.

அந்தக் ‘கலேவா’வும் சாதாரணப் பெயர் இல்லை. 1944 டிசம்பரில் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே, கலேவாவில், மிதவைகள் மேல் ஒரு பெய்லி பாலம் போட்டார்கள். நீளம் 1,154 அடி. அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம் அதுதான். இம்பாலிலிருந்து தாமு வழியாகக் கபாவ் பள்ளத்தாக்கில் இறங்கி வந்த படை, அதன்மேல் ஏறித்தான் மத்திய பர்மாவுக்குள் போனது. தாத்தாவின் கம்பெனி அதைப் போட்டதா, அடுத்தடுத்த நாட்களில் அதைக் காத்துப் பழுதுபார்த்ததா என்பது டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கும் சர்வீஸ் எண்ணைக் கொண்டு தேடவேண்டிய சங்கதி. அந்தப் பிரிவின் தலைமையகம் பெங்களூரில் இருக்கிறது, எழுதிக் கேளுங்கள். வழி தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

அடுத்து மஞ்சள் மாப்பிள்ளை. அது காமாலை இல்லை, மெப்பாக்ரின். மலேரியாவைத் தடுக்க அன்று சிப்பாய்கள் தினமும் விழுங்கவேண்டியிருந்த மாத்திரை. தொடர்ந்து சாப்பிட்டால் தோல் மஞ்சளாகிவிடும், நிறுத்திச் சில வாரங்களில் சரியாகும். அந்தப் போரில் ஜப்பான்காரனைவிடப் பெரிய எதிரி கொசுதான். 1943இல் காயத்தால் பின்னுக்கு அனுப்பப்பட்டவர் ஒருவர் என்றால் நோயால் அனுப்பப்பட்டவர் 120 பேர் என்று பர்மா முனையின் பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் எழுதியிருக்கிறார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வைக்காத பிரிவுத் தலைவர்கள் மூன்று பேரை அவர் பதவியை விட்டே தூக்கினார். சிப்பாய்கள் ஏன் தயங்கினார்கள் என்றால், அதைச் சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்று ஒரு வதந்தி. ஐந்து பிள்ளைகள் பெற்ற தாத்தாவைப் பற்றிய மலரில் இதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதைக் குடும்பப் பெரியவர்களிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி, அவர் ஏன் பேசவில்லை என்ற விஷயம். போருக்குப் போய்வந்து பேசாமல் இருந்தவர் என்றால் உடனே மன அதிர்ச்சி என்று எழுதிவிடுகிறோம். இருந்திருக்கலாம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. 1944இல் இம்பால் முனையில் ஜப்பானியரோடு சேர்ந்து வந்தது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். அதில் மலேயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். அதாவது, எதிர்ப்பக்கத்திலும் தமிழ் பேசியவர்கள் இருந்தார்கள். போர் முடிந்து 1945 நவம்பரில் செங்கோட்டையில் அந்த ராணுவத்தின் அதிகாரிகள்மேல் வழக்கு நடந்தபோது நாடே அவர்கள் பக்கம் நின்றது. நியாயம்தான். ஆனால் அந்தச் சமயத்தில், 1946இல், வெள்ளைக்காரன் பட்டாளத்தின் டிரங்குப் பெட்டியோடு ரயிலை விட்டு இறங்கிய இருபது வயதுப் பையன் யாரிடம் போய் என்ன சொல்லியிருக்க முடியும்? வயிற்றுப்பாட்டுக்குத்தான் போனேன் என்றா? அந்தப் போரில் இந்தியப் படையில் 25 லட்சம் பேர் இருந்தார்கள், ஏறக்குறைய 87,000 பேர் இறந்தார்கள். ரங்கூனுக்கு வெளியே தவுக்கியான் நினைவிடத்தில், கல்லறை இல்லாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இவ்வளவையும் வைத்துக்கொண்டு நம் ஊர்களில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. கேட்க ஆள் இருந்திருந்தால் தாத்தா பேசியிருப்பார் என்று சொல்லவில்லை. ஆனால் யாரும் கேட்கவில்லை.

கேட்டாலும் நாம் ஒழுங்காகக் கேட்பதில்லை. இளவயதில் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு முன்னாள் ராணுவத்தாரிடம், “எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்று கேட்டேன். “தம்பி, நான் லாரி ஓட்டினேன்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பல வருடம் அதை ஒரு ஜோக்காகச் சொல்லித் திரிந்தேன். இப்போது சொல்வதில்லை.

‘தம்பி’ என்றதும் நினைவு வருகிறது. மெட்ராஸ் சாப்பர்களுக்கு ராணுவத்தில் செல்லப்பெயரே ‘தம்பி’தான். 1780இல் தொடங்கிய படைப்பிரிவு அது. தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் ஒரு கொள்கை வகுத்து, சென்னை மாகாணக் காலாட்படையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்தபோதும் தம்பிகளை மட்டும் கைவிட முடியவில்லை. பாலம் வேண்டுமே!

நான்கு வருடத்துக்கு எவ்வளவு இடம் என்று கேட்டிருந்தீர்கள். நானாக இருந்தால் இரண்டு பக்கம். மிச்சம் முழுக்க லஸ்கருக்குக் கொடுப்பேன். மலரில் அதை ‘நீர்ப்பாசனப் பணியாளர்’ என்று மாற்றிவிடாதீர்கள். லஷ்கர் என்றால் பாரசீகத்தில் படை. சொல் எங்கெங்கோ அலைந்து, கடைசியில் நம் வாய்க்கால் கரையில் ஷட்டர் சாவியோடு வந்து நிற்கிறது, உங்கள் தாத்தாவைப் போலவே. எந்த மதகு, எத்தனை கண், முறைத் தண்ணீர் விட்டபோது ராத்திரியில் யார் யார் சண்டைக்கு வந்தார்கள், அவர் யாருக்கு விட்டுக்கொடுத்தார், யாருக்குக் கொடுக்கவில்லை, எந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு எதை விற்றார் என்பதையெல்லாம் விசாரித்து எழுதுங்கள். அந்தக் கரையில் விவசாயம் பார்த்தவர்கள் இரண்டு பேராவது இன்னும் இருப்பார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மலர் அச்சுக்குப் போவதற்கு முன் அப்பாயி பக்கத்தில் ஒருநாள் உட்காருங்கள். மஞ்சளாக வந்த மாப்பிள்ளையைப் பற்றி மறுபடி சொல்லச் சொல்லுங்கள். எத்தனையோ தடவை கேட்ட கதைதான். இந்தத் தடவை நடுவில் சிரிக்காமல், போனில் பதிவை ஓடவிட்டுக் கேளுங்கள். கல்யாணத்தைத் தள்ளிவைத்த அந்த ஒரு வருடம் அவர் கடிதம் போட்டாரா என்று மட்டும் என் சார்பில் கேட்டுச் சொல்லுங்கள்.